கத்தரிப்பூ நிற ராட்டினம்

ஆதித்யா தின்னர் பாட்டிலைத் திறந்து என் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் பஞ்சு வாங்கக் கீழே போயிருக்கிறான். குர்கானில் பெரிய வேலை, கார், கையில் மினுக்கும் கடிகாரம் எல்லாம் இருக்கிறது. பஞ்சை மட்டும் மறந்துவிட்டு வருவான். மூலையிலிருக்கும் மருந்துக் கடை திறந்திருந்தால் இதோ வந்துவிடுவான். அதற்குள் உங்களிடம் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். அவன் வந்துவிட்டால் என் பொம்மை ராட்டினத்தின் மேலிருக்கும் வெள்ளிப் பூச்சைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். சரி, துடை என்று சொன்னதும் நான்தான். எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்து அப்படிச் சொல்ல வைத்ததோ.

"அங்கிள், ஒரே ஒரு பட்டைதான். ஒரு இன்ச். அசலி கலர் தெரிஞ்சாப் போதும். குரூப்ல போட்டோ போட்டா எல்லாருக்கும் ஹார்ட் அட்டாக்" என்றான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவான், தமிழில் எழுதியதைக் காட்டினால் ஜிலேபி என்பான். ஆனால் பழைய மெக்கானிக் செட் என்றால் என்னைப் போலவே பைத்தியம், அதனால்தான் அவனை வீட்டுக்குள் விடுகிறேன்.

மெக்கானிக் செட் என்றால் தெரியுமல்லவா? வரிசையாகத் துளை போட்ட இரும்புப் பட்டைகள், தகடுகள், பித்தளைச் சக்கரங்கள், ஒரு டப்பா நட்டு, போல்ட்டு. குழந்தைகள் அதைப் பூட்டிக் கிரேன் செய்யும், பாலம் செய்யும், கொஞ்ச நாளில் பாதி நட்டைத் தொலைத்துவிட்டு அழும். நல்ல மனிதர்கள் அதோடு அதை மறந்துவிடுவார்கள். நான் இருபத்துச் சொச்சம் வயதில், மத்திய அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் செங்கோட்டைக்குப் பின்னால் இருந்த கபாடி பஜாரில் அதைத் தேடி அலைந்தேன். அதிலும் எனக்கு மாடல் முக்கியமில்லை, வர்ணம்தான் முக்கியம். வழக்கமாக வருவது சிவப்பும் பச்சையும். எந்தக் கம்பெனியாவது ஒரு தடவை சிவப்பு பெயிண்ட் கிடைக்காமல் கையில் இருந்ததை அடித்து அனுப்பியிருக்கும். அந்தத் தப்பு வர்ணம்தான் எங்களைப் போல இதைச் சேர்க்கிற கூட்டத்துக்குத் தங்கம். பழைய சாமான் குவியலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையையும் வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். "பாபுஜி, ஷாதி கர் லோ" என்பான் கடைக்காரன். கல்யாணம் செய்துகொண்டால் தெளிந்துவிடும் என்று அவன் கணக்கு.

எதற்கு ஒரு கண்ணை மூடிக்கொள்வது என்று கேட்பீர்கள். துளைக்குள்ளே பார்க்கத்தான். வெளியே யார் வேண்டுமானாலும் பெயிண்ட் அடித்துவிடலாம். கம்பெனியில் அடித்தது சூளையில் சுட்டு ஏற்றிய வர்ணம், அது துளையின் உள்சுவர்வரைக்கும் இறங்கி இருக்கும். ஆகவே எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம்: மேலே பார்க்காதே, துளைக்குள் பார். மேலே பூசியிருப்பதைத் தின்னர் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தால் அடியில் உள்ளது கிடைத்துவிடும்.

கல்கத்தாவில் ஒரு சின்னக் கம்பெனி, ஒரே ஒரு தடவை, கத்தரிப்பூ நிறத்தில் ராட்டின செட் போட்டது என்று பஜாரில் ஒரு பேச்சு இருந்தது. யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு கிழவர் பார்த்தேன் என்று சத்தியம் செய்வார். அவர் எல்லாவற்றையும் பார்த்தேன் என்று சத்தியம் செய்பவர், ஆகையால் அதை விட்டுத்தள்ளுங்கள்.

தின்னர் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. இந்த வாசனை எனக்கு எப்போதுமே நவராத்திரி வாசனை. மற்றவர்களுக்குக் கற்பூரம், கதம்பம், சுண்டலுக்குத் தாளிக்கும் பெருங்காயம். எனக்குப் பெயிண்ட். சரோஜினி நகரில் தமிழ்க் குடும்பங்கள் இருந்த அத்தனை குவார்ட்டர்ஸிலும் நவராத்திரிக்கு முன்னால் பழைய பொம்மைகளுக்குப் புது வர்ணம் தீட்டுவார்கள். மூக்கு உடைந்த கிருஷ்ணனுக்கு மூக்கு வரும், செட்டியாரின் வேட்டி வெளுக்கும், தசாவதாரத்தில் இரண்டு பேருக்கு மீசை இடம் மாறும். வாசல் கொடியில் பிரஷ்ஷைத் துடைத்த பழந்துணி ஆடும். அக்டோபர் மாலையில் அந்தத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு எனாமல் மணக்கும்.

நானும் கிட்டுவும் அங்கே ஒரு குவார்ட்டர்ஸின் முன்னறையில் குடியிருந்தோம். கிட்டு என் ஆபீஸ் நண்பன். அவனுக்குத் தெரியாத தமிழ் வீடு டெல்லியில் கிடையாது. "டேய், நவராத்திரில சமைக்கறவன் முட்டாள்டா. கெளம்பு" என்று முதல் நாளே என்னை இழுத்துக்கொண்டு போனான். மனைவி மக்கள் இல்லாத ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் கொலு பார்க்கப் போவதில் இருக்கும் வெட்கக்கேட்டை ஒரு கிண்ணம் சுண்டல் மறக்கடித்துவிடும்.

அவன் கூட்டிக்கொண்டு போன வீடு ஒரு கும்பகோணத்துக் குடும்பத்துடையது. மாமா ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். மாமி, ஒரே பெண் மைதிலி. அவளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாற்றலுக்கு மாற்றல் கூடவே வந்த இரும்பு டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, மேலே மாமாவின் பட்டுக்கரை வேட்டியைப் போர்த்திப் படி கட்டியிருந்தார்கள். படிக்குக் கீழே பார்க். முளைவிட்ட கடுகுதான் புல், முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். குளத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ராட்டினம், பளபளவென்று சில்வர் பெயிண்டில்.

மெக்கானிக் செட் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. குந்தினேன். தொட்டில் ஆடி ஆடிப் பட்டையில் உரசிய இடத்தில் வெள்ளிப் பூச்சு உதிர்ந்திருந்தது. ஒரு கண்ணை மூடித் துளைக்குள் பார்த்தேன். கத்தரிப்பூ! சந்தேகமே இல்லை. சுண்டல் புரை ஏறி நான் இருமிய இருமலில் மாமி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அதுவா? அவர் கல்கத்தா டூர் போனப்போ வாங்கிண்டு வந்தது. எவனோ இவர் தலையில கட்டிட்டான். கத்தரிக்காய்க் கலர்ல ராட்டினம் எந்த ஊர்த் திருவிழாவுல சுத்தறது? வருஷா வருஷம் நான்தான் சில்வர் அடிச்சு அதை ராட்டினம் மாதிரி ஆக்கறேன்" என்றாள் மாமி பெருமையாக. "இந்த வருஷம் மைதிலி அடிச்சா."

அடக் கடவுளே என்று உள்ளுக்குள் அலறினேன். தொடலாமா என்று கையை நீட்டினேன். "ம்ஹூம். கொலுவுல வெச்சதை விஜயதசமி வரைக்கும் அசைக்கப்படாது" என்றாள் மாமி.

அதன்பிறகு நான் தினமும் போனேன். என்ன செய்வது? வீட்டில் படுத்தால் ராட்டினம் கண்ணுக்குள் சுற்றியது. யாராவது குழந்தை இழுத்துப் போட்டு உடைத்துவிட்டால்? பஜார்க்காரன் எவனாவது மோப்பம் பிடித்து வந்துவிட்டால்? பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவன் மாதிரி அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் சுண்டல் மட்டும் கிடைத்தது. பிறகு காபி வந்தது. பிறகு பாயசம் வந்தது. மாமா நியூஸ்பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், என்ன கோத்திரம், என்ன நட்சத்திரம். நானும் குதூகலமாகப் பதில் சொன்னேன். கல்லிடைக்குறிச்சி என்றதும் மாமியின் முகம் மலர்ந்தது. எங்கள் ஊர் அப்பளத்துக்கு மலர்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மண்டுவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நடந்தது என்னவென்றால், ராட்டினத்துக்குப் பக்கத்தில்தான் மைதிலி உட்கார்ந்து பாடுவாள். வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கும் தட்டும் அங்கேதான் இருந்தது. வேலையில் இருக்கும் ஒரு பிரம்மச்சாரி தினமும் முகம் கழுவிக்கொண்டு வந்து, யார் பேசினாலும் காதில் வாங்காமல், அந்த மூலையையே வெறித்துப் பார்த்தால் ஒரு பெண்ணைப் பெற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? தெரு முழுக்க அதைத்தான் நினைத்திருக்கிறது. அந்த மாமி வீட்டில் மாப்பிள்ளை அமைந்துவிட்டான், அம்பாளே அனுப்பி வைத்தாள் என்று பேச்சு. கிட்டுவுக்குத் தெரியும். படுபாவி, பாயசம் நின்றுவிடுமே என்று என்னிடம் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் சரோஜினி நகர் மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். மைதிலி நின்றிருந்தாள். எனக்காகத்தான் நின்றிருக்கிறாள் என்பது அவள் நேராக என்னிடம் வந்தபோதுதான் தெரிந்தது.

"நீங்க என்னைப் பாக்கறேள்னு எங்காத்துல நெனைச்சுண்டிருக்கா. நீங்க பாக்கறது ராட்டினத்தைத்தானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நெனைச்சேன். பொண்ணைப் பாக்கறவா யாரும் ஒத்தைக் கண்ணை மூடிண்டு பாக்க மாட்டா" என்றாள். சிரிக்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "உங்க அப்பாவுக்கு ஜாதகம் கேட்டு எழுதியாச்சு. விஜயதசமி அன்னிக்கு உங்களண்ட நேரா கேக்கப் போறா. தை பொறந்தா கல்யாணம்னு அம்மா புடவைக் கடைவரைக்கும் போயிட்டா."

"ஐயையோ."

"ஐயையோதான். எனக்கு ஒருத்தர் இருக்கார். எங்க ஆபீஸ்தான், பெங்காலி. அவருக்கு லக்னோவுக்கு மாத்தல் வரப்போறது. வந்ததும் அப்பாகிட்ட சொல்றதா இருக்கோம். அதுக்குள்ள நீங்க சரின்னுட்டா என் கதை முடிஞ்சுது."

"நீங்களே வேண்டாம்னு சொல்லலாமே" என்றேன்.

"நான் வேண்டாம்னா அதுக்குப் பேரு பிடிவாதம். நாலு பேர் வந்து எனக்கு புத்தி சொல்லுவா. நீங்க வேண்டாம்னா அதுக்கு மேல பேச்சு கெடையாது." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா பொண்ணு புடிக்கலன்னு சொல்லிடாதேங்கோ. அம்மா தாங்க மாட்டா. ராட்டினத்துக்காக வந்தேன்னு உள்ளதைச் சொல்லிடுங்கோ. ராட்டினம் என்னோடது, அப்பா எனக்குன்னு வாங்கினது. அதை உங்களுக்குக் குடுத்துடறேன். உங்களைப் பைத்தியம்னு நெனைச்சுப்பா. பரவால்லையா?"

"அது பழக்கம்தான்" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு என் நிம்மதி போயிற்று.

நல்ல பேரம்தானே? நான் ராட்டினத்துக்கு அலைகிறேன், ராட்டினம் தேடி வருகிறது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு ராட்டினம் தெரியவில்லை. அவள் பாடும்போது சரியாக எட்டாத சுரத்துக்குப் புருவத்தைத் தூக்குவது தெரிந்தது. குங்குமச் சிமிழை நீட்டும்போது அவள் நகக்கண்ணில் சில்வர் பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ஈரத்தோட தூக்கிட்டேன். அங்க பாருங்கோ, அச்சுக்குப் பக்கத்துல என் கட்டை விரல் பதிஞ்சிருக்கு. அம்மா ஒரே திட்டு" என்று மெதுவாகச் சொன்னாள். நான் ராட்டினத்தைத்தான் பார்க்கிறேன் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னாள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைப்பானேன்? பிடித்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும். அப்பா சம்மதிப்பார், மாமி குதிப்பாள், தை பிறந்ததும் கல்யாணம். அவள் அழுவாள். பிறகு எல்லோரும் சொல்வதுபோல எல்லாம் சரியாகிவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தை அந்த நாட்களில் என்னையே அறியாமல் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டெங்குவாடா?" என்றான்.

விஜயதசமி. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். மாமா மடிப்புக் கலையாத வேட்டியில் இருந்தார். ஹாலில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. கிட்டுகூட வர மறுத்துவிட்டான். மைதிலி சமையலறைத் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்க அப்பாகிட்டேருந்து ஜாதகம் வந்துடுத்து. பொருத்தமும் பாத்தாச்சு, பேஷா இருக்கு. இருந்தாலும் உங்க அபிப்பிராயத்தைக் கேட்டுடணும் இல்லையா? காலம் மாறிண்டிருக்கு."

பேஷா இருக்கு என்றார். சரி என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். மைதிலியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது அங்கிருந்தே தெரிந்தது.

"மாமா, மன்னிக்கணும். நான் வந்தது அந்த ராட்டினத்துக்காக" என்றேன்.

மாமி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். "எந்த ராட்டினம்?" என்றார் மாமா. நான் விளக்கினேன். கல்கத்தா, கத்தரிப்பூ, சூளையில் சுட்ட வர்ணம், துளைக்குள் பார்ப்பது. பேசப் பேச என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. நிறுத்தினால் வேறு எதையாவது உளறிவிடுவேனோ என்ற பயத்தில் நட்டு, போல்ட்டு வரைக்கும் போனேன். மாமா கண்ணாடியைக் கழற்றினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை அதில். இத்தனை நாளாக ஹாலில் உட்காரவைத்துப் பாயசம் கொடுத்தது ஒரு கிறுக்கனுக்கா என்ற திகைப்புதான் இருந்தது.

"எடுத்துண்டு கெளம்புங்கோ" என்றார் கடைசியில். "இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்."

எழுந்தேன். மாமி குறுக்கே வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர், ஆனால் குரல் கண்டிப்பாக இருந்தது. "இன்னும் ஆரத்தி எடுக்கல. பொம்மையைப் படுக்க வெக்கல. அதுவரைக்கும் கொலுவுலேருந்து ஒரு துரும்பு வெளியில போகப்படாது. உக்காருங்கோ."

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு உட்காரல் கிடையாது. வெளியே போ என்று சொல்லப்பட்டவன், சாஸ்திரத்தை முன்னிட்டு, அதே நாற்காலியில், அவர்கள் நடுவில். மின்விசிறி கடகடத்தது. மாமா சுவரைப் பார்த்தார். காபி வரவில்லை. மாமி ஆரத்தி கரைக்கும் சத்தம் கேட்டது.

மைதிலிதான் மரப்பாச்சி இரண்டையும் எடுத்துப் படுக்க வைத்தாள். பிறகு ராட்டினத்தைத் தூக்கிப் பழைய பேப்பரில் சுற்றினாள். வாசல்வரை வந்து என் கையில் கொடுத்தாள்.

"அச்சு லூசா இருக்கு. ஜாக்கிரதை" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்ல முடியாது.

குளிர் முடிவதற்குள் அவள் லக்னோ போய்விட்டாள் என்று கிட்டு சொன்னான். முதலில் பெரிய ரகளை, பிறகு மாமி ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். மாப்பிள்ளை தங்கமான பையன், மீன் வாசனை மட்டும்தான் குறை என்றாளாம். பிறகு மாமா ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. என் மனைவியிடம் இதை முதல் வாரமே சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதும் அலமாரியைத் துடைக்கும்போது, "உங்க அவளை எறக்கி வையுங்கோ, துடைக்கணும்" என்பாள். இன்றைக்குப் பார்த்து அவள் பெங்களூரில் பெண் வீட்டில் இருக்கிறாள்.

கத்தரிப்பூ ராட்டினம் என்னிடம் இருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். துடைத்துக் காட்டு என்று கேட்காதவன் இல்லை. நேரமில்லை என்றேன், கை நடுங்குகிறது என்றேன், நல்ல தின்னர் கிடைக்கவில்லை என்றேன். உலகத்தில் அந்த நிறத்தை அதன் துளைகளுக்குள் மட்டும் பார்த்தவன் நான்.

போன மாதம் சரோஜினி நகர் வழியாக ஆட்டோவில் போனேன். அந்த வரிசையே இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கித் தகர வேலி போட்டு, உள்ளே ஆகாயம் முட்டக் கட்டுகிறார்கள். எந்த இடத்தில் அந்த வாசல் இருந்தது என்று பார்த்துப் பார்த்தும் பிடிபடவில்லை. கொடியில் பெயிண்ட் துணி ஆடும் தெரு ஒன்றுகூட இல்லை. இப்போதெல்லாம் கொலுவுக்கு வாட்ஸப்பில் நேரம் குறித்து அழைக்கிறார்கள். சுண்டல் டப்பாவில் வருகிறது. அழைக்காமல் போய் உட்காரும் கிறுக்கனுக்கு நாற்காலி போட இப்போது யார் இருக்கிறார்கள்? மாமா, மாமி காலமாகிவிட்டார்கள். கிட்டுவும் போய்விட்டான். மைதிலி எங்கே, எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

லிஃப்ட் சத்தம். வந்துவிட்டான்.

ஆதித்யா பஞ்சை உருட்டித் தின்னரில் தோய்க்கிறான். போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு எங்கே ஆரம்பிக்கலாம் என்று ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான்.

"அரே அங்கிள், இங்க தேகியே. யாரோ ஈர பெயிண்ட்ல தொட்டிருக்காங்க. பூரா தம்ப் பிரிண்ட் இருக்கு. டிஃபெக்ட்தான், இங்கேருந்தே ஸ்டார்ட் பண்றேன்."

"அதைத் தொடாதே."

"அச்சா, வேற எடத்துல பண்றேன்."

"எங்கேயும் வேண்டாம். பாட்டிலை மூடு."

"க்யா அங்கிள்! ஒரிஜினல் கீழதானே இருக்கு?"

"ஒரிஜினல் மேலதாண்டா இருக்கு" என்கிறேன்.

தோய்த்த பஞ்சைக் கையில் பிடித்தபடி ஆதித்யா என்னை ஒரு பார்வை பார்க்கிறான். அன்றைக்கு மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்த அதே பார்வை.